நீந்த மறுத்த நீர்நாய்க்குட்டி

ஆற்றங்கரை வளையொன்றில் ஒரு தாய் நீர்நாய் இருந்தது. அதன் குட்டி தண்ணீரில் கால் வைக்கவே மறுத்தது. மழைக்காலம் வேறு நெருங்கிவிட்டது. வெள்ளம் வந்தால் வளை முழுகிவிடும்.

"நீந்தினா பெரிய கெண்டை மீனா தர்றேன், செல்லம்" என்று ஆசை காட்டியது தாய்.

"நீந்தக் கத்துக்கிட்டா மீனை நானே பிடிச்சுத் திங்கணும்னு சொல்லுவ. அப்புறம் யாரு எனக்கு ஊட்டிவிடுவா?"

தாய் திகைத்துப்போனது. குட்டிக்குத் தண்ணீரென்றால் பயம் என்றல்லவா இத்தனை நாளும் நினைத்திருந்தது!

"நீந்தினாலும் ஊட்டுவேன். என் வாலைப் பிடிச்சுக்கிட்டு வா."

குட்டி இறங்கியது. நடு ஆற்றில், "அம்மா, என்னை விட்டுடாதே!" என்று கத்தியது.

தாய் திரும்பிப் பார்த்தது. குட்டி வாலை எப்போதோ விட்டுவிட்டு, தானாகவே நீந்திக்கொண்டிருந்தது. சொல்வதா வேண்டாமா என்று தாய்க்குத் தெரியவில்லை.

"விடமாட்டேன்டா, கண்ணு" என்று சொல்லிவிட்டு, மெதுவாக முன்னே நீந்தியது.