சம்பந்தமில்லாத மொட்டை மாடி

"மொட்டை மாடி ஒழுகுனா மேல் ஊட்டுக்காரங்க பாத்துக்கட்டும். அடி மாடியில இருக்கற நான் எதுக்குங்க பங்கு தரணும்?" குன்னூர் அடுக்குமாடிக் குடியிருப்புக் கூட்டத்தில் தினகரன் கத்தினார்.

"பராமரிப்பு எல்லாருக்கும் பொதுதானுங்களே" என்றார் செயலாளர் யூனிஸ்.

"எனக்கும் மொட்டை மாடிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க. எல்லாரும் கேட்டுக்கங்க!"

"கேட்டுக்கிட்டோமுங்க."

மறுநாள் காலை, அலுவலகத்துக்குக் கிளம்பிய தினகரன் மூச்சிரைக்க நான்கு மாடி ஏறினார். மொட்டை மாடிக் கதவு பூட்டியிருந்தது. சாவியோடு யூனிஸ் நின்றிருந்தார்.

"திறங்க! நான் ரோட்டுக்குப் போக வேண்டாமா?"

மலைச்சரிவில் கட்டிய அந்தக் கட்டடத்தில், சாலை மொட்டை மாடியை ஒட்டித்தான் போகிறது.

"சம்பந்தமில்லாத எடத்துல எதுக்குங்க கால் வெக்கறீங்க? கீழ தேயிலைக் காட்டுக்குள்ள எறங்கிப் போங்க. அட்டை கடிச்சா நாங்க பங்குக்கு வர மாட்டோம்."