அரைத்தது யார்?

"இந்தக் கையோட காபிக்கொட்டையை எப்படிம்மா அரைச்சே?"

மகள் கேட்டதும் அம்மா கையைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். அவள் வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை மாவுக்கட்டு. குளியலறையில் வழுக்கி விழுந்ததற்குக் கிடைத்த பரிசு. மேசைமேல் இருந்ததோ கைமில். ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு மறு கையால் சுற்ற வேண்டிய சமாசாரம்.

"கடையில அரைச்சு வாங்கினது."

"சும்மா சொல்லாதே. மில்லோட அடிக் கிண்ணத்துல பொடி மிச்சம் இருக்கு. வாசனை மூக்கைத் துளைக்குது."

இவளிடம் பொய் சொல்லித் தப்புவது லேசில்லை. வாகன விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் விசாரணை அதிகாரி. நசுங்கிய காரைப் பார்த்தே, ஓட்டினவர் தூங்கினாரா, போன் பேசினாரா என்று சொல்லிவிடுவாள் என்று அலுவலகத்தில் பேர்.

மறுநாள் அவளுடைய விவாகரத்து வழக்கில் தீர்ப்பு. அது முடிந்த கையோடு அம்மாவைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போய்விட வேண்டும் என்று விடுப்பு போட்டுவிட்டு வந்திருந்தாள். தனிமைக்குத் தனிமை துணை என்று கணக்கு. அம்மாவோ பிடிகொடுக்கவே இல்லை. சரி, ஒரு காபியாவது குடிப்போம் என்று சமையலறைக்குள் நுழைந்தவளுக்கு அலுவலக வேலை கிடைத்துவிட்டது.

"நீ கறுகறுன்னு வறுத்த கொட்டையை வாங்கி, பாலோட கொதிக்க விட்டுக் குடிக்கிற ஆளு. இது என்ன, லேசா வறுத்த கொட்டை? காகித வடிகட்டி? கெட்டிலுக்கு எதுக்கு இவ்ளோ நீள மூக்கு?"

"வயசானா ருசி மாறக் கூடாதா?"

"தாராளமா மாறட்டும். ஆனா வடிகட்டியில ரெண்டு பேருக்கு உண்டான சக்கை கிடக்கு. ரெண்டு கோப்பை கழுவிக் கவுத்திருக்கு. யாரும்மா அந்த மனுஷன்?"

"மனுஷன்னு எப்படிச் சொல்றே?"

"கொட்டை டப்பா மேல் தட்டுல இருக்கு. உனக்கும் எட்டாது, உன் சிநேகிதிங்க யாருக்கும் எட்டாது."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பை மறைக்கிறாள் என்பது முதுகிலேயே தெரிந்தது.

மகள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அப்பா போய் இத்தனை வருஷம் கழித்து அம்மாவுக்கு ஒரு துணையா? கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. கொஞ்சம் பொறாமைதான் வந்தது.

"எதிர் வீட்டுல கடிகாரம் ரிப்பேர் பண்றவரா?"

"அவரா? சர்க்கரைத் தண்ணிக்குக் காபியைக் காட்டிட்டுக் குடிக்கிறவர்!"

"பின்னே யாரு?"

"சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டார்."

"கூச்சமா?"

"அப்படித்தான் வச்சுக்கோயேன். கட்டுப் போட்ட மறுநாள் பார்க்க வந்தார். நான் ஒத்தைக் கையால மில்லோட மல்லுக்கட்டறதைப் பார்த்துட்டு, 'குடுங்க'ன்னு வாங்கிக்கிட்டார். அன்னிலேர்ந்து காலையும் சாயங்காலமும் வந்துடறார். ஆரம்பத்துல அவர் போட்டது சுத்தக் கசாயம். வாயில வைக்க முடியல. அப்புறம் எங்கெங்கேயோ விசாரிச்சு, கொட்டையை மாத்தி, அரைக்கிற பதத்தை மாத்தி, கெட்டிலை மாத்தி... இப்போ அது இல்லாட்டி எனக்குப் பொழுதே விடியறதில்ல."

"அரைக்கிறப்போ என்ன பேசிப்பீங்க?"

"உன்னைப் பத்தித்தான். நீ எதுக்கு அழுவே, எதுக்குக் கோவிச்சுக்கிட்டுப் பேசாம இருப்பே, உன்னை எப்படிச் சமாதானம் பண்ணணும்... கேட்டுக்கிட்டே சுத்துவார். சில நாள் கொட்டை தீர்ந்தது தெரியாம வெறும் மில்லைச் சுத்திட்டிருப்பார்."

மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முன்பின் பார்க்காத ஒருவருக்குத் தன்மேல் இவ்வளவு அக்கறையா?

"எனக்கு வாய்ச்சவர் இதுல ஒண்ணைக்கூடக் கேட்டதில்லம்மா. நான் பேசிட்டே இருப்பேன். ம் கொட்டக்கூட ஆள் இருக்காது."

மகள் எழுந்துபோய், மில்லில் மிச்சமிருந்த பொடியை உள்ளங்கையில் கொட்டிப் பரப்பிப் பார்த்தாள். விபத்து நடந்த இடத்தில் கண்ணாடிச் சில்லைப் பார்ப்பாளே, அதே பார்வை.

"பாரு, ஒரே சீரா இருக்கு. அவசரக்காரங்க அரைச்சா பாதி மாவு, பாதி குருணையா இருக்கும். தண்ணியையும் நிதானமா சுத்திச் சுத்தி ஊத்தியிருக்கார், சக்கையில குழியே விழல. இவருக்குப் பொறுமை இருக்கும்மா. அடுத்தவங்க மனசைப் பார்க்கத் தெரிஞ்சிருக்கு. நான் எழுதியே தர்றேன்."

"அப்போ உனக்குச் சம்மதமா?" அம்மா சட்டென்று திரும்பினாள்.

"நூறு தடவை சம்மதம். நீ என்னோட வரவே வேண்டாம். இப்படிப்பட்ட மனுஷனைக் கைவிடறதைவிடப் பைத்தியக்காரத்தனம் வேற கிடையாது."

"பேச்சு மாறக் கூடாது."

"மாறவே மாட்டேன்."

அழைப்பு மணி அடித்தது. அம்மா எழப் போனாள். மகள் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். கண்களைத் துடைத்துக்கொண்டு, முதல் வார்த்தையே நன்றியாக இருக்க வேண்டும் என்று தீர்மானித்தபடி போய்க் கதவைத் திறந்தாள்.

"லேட்டாயிடுச்சு அத்தை, புதுக் கொட்டை இப்பத்தான் வறுத்து எடுத்தாங்க" என்று குனிந்து பைக்குள் துழாவியபடியே சொன்னவன் நிமிர்ந்து பார்த்தான். மறுநாள் நீதிமன்றத்தில் அவளுக்கு எதிரே நிற்க வேண்டியவன்.