ஓட்டத்தில் ஏறிய பாடம்

எங்கள் கல்லூரியில் விளையாட்டு மாணவர்களுக்கான படிப்புத் திட்டத்தைப் போட்டவள் நான்தான். வகுப்புக்கு வர நேரமில்லாத பிள்ளைகளுக்கு மைதானத்தில் ஓடும்போதே காதில் ஒலிக்கும் பாடம் தலையில் ஏறிவிடும். ஒரே தொல்லை, ஓடும்போது ஏறியது அதே வேகத்தில் இதயம் அடித்தால்தான் நினைவுக்கு வரும். அதனால் பரீட்சைக்கு முன்னால் வராந்தாவில் ஓடிவிட்டு, மூச்சிரைக்க உட்கார்ந்து எழுதுவார்கள். எல்லாரும் பாஸ். ஆளாளுக்கு என்னைப் பாராட்டினார்கள்.

தடை ஓட்டக்காரி ஜெபக்கனிக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்தது. கடைசிப் பரீட்சையை ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே எழுத அனுமதி வாங்கினேன். கேள்வித்தாளை வெறித்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமே வரல மிஸ்."

கைகளை வீசச் சொன்னேன். பச்சை மிளகாயைக் கடிக்கக் கொடுத்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர பாடம் வரவில்லை.

பரீட்சை நடக்கிறதே என்றுகூடப் பார்க்காமல் டாக்டர் ஸ்கேனோடு உள்ளே வந்தார்.

"நடக்கலாம்மா. ஆனா இனிமே ஓட முடியாது."

அவர் போன பிறகும் ஜெபக்கனி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கழுத்து நரம்பு படபடவென்று துடித்தது.

"பேனாவைக் குடுங்க மிஸ்," என்றாள். "எல்லாம் வருது."