ஒத்தட முடிச்சு

முடிச்சைப் பார்த்ததும் ரத்னாவுக்கு வயிற்றுவலி மறந்தே போயிற்று.

அடிவயிற்றில் கிடந்த உப்புப் பொட்டலத்தை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்தாள். வறுத்த கல்லுப்பைப் பழைய வேட்டித் துணியில் வைத்து, நூலால் இரண்டு சுற்றுச் சுற்றி, நடுவில் இறுக்கிய முடிச்சு. சந்தேகமே இல்லை, வலை பின்னும்போது போடுகிற முடிச்சு.

அடுப்படியில் தேசப்பன் சுக்கு தட்டிக்கொண்டிருந்தான். கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகின்றன. கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த கம்பெனி ஒன்றில் வேலை, ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரே அறையில் குடித்தனம். அப்பா காலத்திலேயே படகை விட்டுவிட்டு மில் வேலைக்குப் போன குடும்பம் அவனுடையது. வலைக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

பின்னே இந்த முடிச்சு எங்கிருந்து வந்தது?

போன மாதம் அவள் சுருண்டு கிடந்தபோது கதவோரம் நின்று கையைப் பிசைந்தவன்தான் இவன். இந்த மாதம் என்னடா என்றால், வெந்தயத்தை மோரோடு விழுங்கச் சொல்கிறான். பொட்டலத்தின் சூட்டை முழங்கை மடிப்பில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறான். ஆம்பிளைக்கு இவ்வளவு பக்குவம் தானாக வந்துவிடுமா? எவளோ ஒருத்தி சொல்லிக்கொடுத்துப் பழகிய கை.

எவளோ என்ன எவளோ, அங்காளம்மாள்தான்.

பழவேற்காட்டு ஏரிக்கரை மீனவக் குப்பத்தில் ரத்னாவின் பிறந்த வீட்டுக்கு அடுத்தது அத்தை தாயாரம்மாளின் வீடு. அத்தை மகள் அங்காளம்மாளைத்தான் தேசப்பனுக்கு முதலில் பார்த்தார்கள். பொருத்தம் சரிவராமல்தான் பேச்சு ரத்னா பக்கம் திரும்பியது. அங்காளம்மாள் இன்னும் கல்யாணமாகாமல் இருக்கிறாள், கண்ணுக்கு லட்சணமாகவும் இருக்கிறாள். அந்த இரண்டையும் நினைத்தாலே ரத்னாவுக்குச் சோறு இறங்காது.

சின்ன வயதில் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டே திரிந்தவர்கள். விளையாட்டாக வலையூசியைத் தொட்டுவிட்டு ஒன்றாக அடி வாங்கியதும் உண்டு. பெண்பிள்ளை கை பட்டால் வலையில் மீன் விழாதாம். இப்போது அங்காளம்மாளின் பேரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது.

ஒத்தடமும் அந்த வீட்டுச் சொத்துதான். அம்மா போன பிறகு, தூரமான நாட்களில் கொல்லைக் கொட்டகையில் ரத்னா தனியாகக் கிடப்பாள். அத்தை சூடாக உப்புப் பொட்டலம் கட்டி, இதே முடிச்சைப் போட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவாள். சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவளுக்குப் பொத்தென்ற சத்தம்தான் கேட்கும். பெற்ற நைனாவோ அந்த நாட்களில் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார்.

அத்தையின் கைப்பக்குவம் மகளுக்கு வந்து, மகளிடமிருந்து இவனுக்கு வந்திருக்கிறது. வேறென்ன?

"இன்னாம்மே, சூடு போதலயா?" சுக்குத் தண்ணீர் டம்ளரோடு வந்து நின்றான் தேசப்பன்.

"போன ஞாயித்துக்கெழம எங்க போன?"

"நண்டு வாங்கியாறத்துக்கு. நீயுந்தான துன்ன?"

"காலைல போனவன் பொழுது சாஞ்சு வந்த. வெரல்ல கொப்புளம் வேற. நண்டு கடிச்சா கொப்புளமா வரும்?"

அவன் சட்டென்று கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். ரத்னாவுக்கு அது போதாதா?

"எங்க குப்பத்துக்குத்தான போன?"

"ஆமா."

"எங்க ஊட்டாண்டயா, அத்த ஊட்டாண்டயா?"

"அத்த ஊட்டாண்டதான் மொதல்ல போனேன். அதுக்கு மேல கேக்காத ரத்னா. உன்னாண்ட சொல்லக்கூடாதுன்னு கைல அடிச்சி சத்தியம் வாங்கிக்கினாங்க. வெளிய தெரிஞ்சா வெக்கமாம்."

"வெக்கப்படற வேலன்னு தெரியுதுல்ல!"

பொட்டலத்தை வீசி அடித்தாள். அது சுவரில் மோதி மூலையில் விழுந்தது. முடிச்சு மட்டும் அவிழவில்லை. அதைப் பார்க்க இன்னும் ஆத்திரமாக வந்தது. டிரங்குப் பெட்டியை இழுத்துத் திறந்து, கையில் கிடைத்த புடவைகளைத் திணிக்க ஆரம்பித்தாள். வலியில் முதுகு வளைந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை.

"நான் பொன்னேரி பஸ் புடிச்சி எங்க ஊட்டுக்கே போறேன். நீ அவளயே கூட்டியாந்து வெச்சிக்கினு குடும்பம் நடத்து."

"எவள?"

"தெரியாத மாதிரி கேக்காத. அங்காளம்மாள! உனுக்கு இந்த முடிச்சு போடக் கத்துக்குடுத்தாளே, அவள!"

 தேசப்பன் மூலைக்குப் போய்ப் பொட்டலத்தை எடுத்துத் தூசி தட்டினான்.

"ஏம்மே, உங்க குப்பத்துல எந்தப் பொம்பள வலயத் தொட்டிருக்கா? எவளுக்கு இந்த முடிச்சு வரும்?"

பெட்டிக்குள் போன ரத்னாவின் கை அப்படியே நின்றது.

"அத்தைக்கு..." என்று ஆரம்பித்தாள். அத்தை கையில் வலைநூலை அவள் பார்த்ததே இல்லை. யோசித்துப் பார்த்தால், பொட்டலம் வைத்துவிட்டுப் போகும் அத்தையையும்தான் பார்த்ததில்லை.

"நீ துடிக்கறது தாங்காம, அத்ததான் ஒத்தடம் கட்டிக் குடுப்பாங்கன்னு நீ சொன்னத வெச்சி அவங்களாண்ட பக்குவம் கேக்கத்தான் போனேன்," என்றான் தேசப்பன். "அவங்க இன்னா ஏதுன்னே தெரியாம முழிக்கறாங்க. நான் ஒரு நாளும் கட்டிக் குடுத்ததில்லியேன்றாங்க."

"அப்ப... இத்தினி வருசமா வாசல்ல வெச்சிட்டுப் போனது?"

அவன் பொட்டலத்தை மறுபடி அவள் மடியில் வைத்தான்.

"உங்க நைனா."