பகை ஊர்க்காரி

கந்தாவுத் தீவின் பாறை விளிம்பில் நின்று பெண்கள் ஆமைகளை அழைத்துப் பாடி முடிக்கிறார்கள். கீழே வெயிலில் தகரம்போல் கண்ணைக் கூசவைக்கும் கடலில் ஒரு குமிழிகூட இல்லை. பகை ஊர் ஆள் கூட்டத்தில் இருந்தால் ஆமை எழாது என்பது ஊர் நம்பிக்கை. எல்லோரும் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்ப, அத்தனை கண்களும் புது மருமகள் கெலெராவை மொய்க்கின்றன. "உங்கம்மா எந்த ஊரு? உண்மையச் சொல்லு," என்கிறாள் மாமியார் விலிமைனா. "சுவா பட்டணம்தான் அத்தே." "சுவாவுக்கு எல்லாரும் எங்கேயிருந்தோ போனவங்கதானே!" என்று நாத்தனார் இடிக்கிறாள். கெலெராவின் விரல்கள் பாவாடை நுனியை முறுக்குகின்றன. அப்போது மாமியாரின் தோளுக்குப் பின்னால், தூரத்தில், நீர் விலகுகிறது. ஆமைத் தலையொன்று மெல்ல எழுந்து மூச்சு விடுகிறது. "அத்தே, அங்க பாருங்க..." "பேச்ச மாத்தாதடி," என்கிறாள் விலிமைனா, திரும்பாமலே.