உள்ளே தடித்தது

நெஞ்சின்மேல் ஈரமண் மூட்டையை ஏற்றி வைத்ததுபோல் கனக்க, நஞ்சம்மா கம்பெனி மதிலோரம் குத்தவைத்து உட்காருகிறாள். இடுப்பளவுப் பார்த்தீனியம் வெள்ளையாகப் பூத்து நிற்கிறது. மதிலுக்கு அந்தப் பக்கம் பிரஸ் மெஷின் டங்டங்கென்று விழ, இந்தப் பக்கம் இவள் மூச்சு கீச்கீச்சென்று இழுக்கிறது. முழங்கைவரை தோல் சிவந்து தடித்திருக்கிறது. மடியிலிருந்த மூச்சுமருந்தின் நீலப் பம்பை வாயில் வைத்து அழுத்துகிறாள். "டாக்டரு இன்னாடி சொன்னாரு?" என்கிறாள், ஆளுக்கொரு பங்காகப் பிரித்துவிட்ட தரையில் பக்கத்துப் பங்கில் செடி பிடுங்கும் முனிலட்சுமி. "இந்தச் செடி பட்டுக் கையி தடிச்ச மாதிரியே மூச்சுக்கொழாய்க்குள்ளயும் வீங்கிருக்காம்க்கா. அதான் கைக்குத் தேங்கா எண்ணெ தடவிட்டு, உள்ளுக்கும் ரெண்டு முழுங்கு குடிச்சேன்." முனிலட்சுமி பிடுங்கிய செடியோடு சிரிக்கிறாள். "அடிப் பாவி, அது வயித்துக்கில்ல போவும்! மருந்து குடுக்கலியா?" "காவிப் பம்பு ஒண்ணு குடுத்தாரு. தெனமும் இழுத்தாத்தான் வீக்கம் வத்துமாம். இழுத்தா ஒண்ணுமே தெரியலக்கா, ஊட்டுல போட்டுட்டேன்." "நாளைக்கு அத இழுக்காம வா, இந்தப் பூவ மூக்குல திணிக்கிறேன்." உச்சிவேளைக்குள் பங்கை முடிக்காதவள் நாளை வர வேண்டாம் என்று மேஸ்திரி காலையிலேயே சொல்லிவிட்டார். முனிலட்சுமி தன் பங்கின் கடைசிச் செடியையும் பிடுங்கிப் போட்டு, முந்தானையை மூக்கோடு இறுக்கிக் கட்டி, நஞ்சம்மாவின் பங்கில் இறங்குகிறாள். வேரோடு செடிகள் சாய்கின்றன. மேஸ்திரியின் சைக்கிள் மூலை திரும்பும்போது தரை வெறுமையாகக் கிடக்கிறது. நஞ்சம்மாவின் மூச்சு மெல்லத் தணிகிறது. முனிலட்சுமிக்கு அவள் ஒரு பங்கு வேலை கடன்பட்டிருக்கிறாள்.