ஆறு மொட்டை, ஒரு விசிறி

அம்மையார்குப்பத்தில் கோதண்டபாணியின் விசைத்தறிக் கொட்டகை. ஜன்னலைத் திறந்தால் காற்றில் நூல் அறும். மூடினால் பஞ்சுத் தூசியில் ஆள் இருமியே ஓய்வான். நூலுக்கு விலை உண்டு என்பதால் ஜன்னல் மூடியே இருந்தது.

தூசியை வெளியே இழுக்கும் விசிறி ஒன்று போடச் சொல்லித் தறிக்காரன் தணிகாசலம் நாலு முறை கேட்டுவிட்டான். "ஆடி போகட்டும்" என்றார் முதலாளி. நாலாவது முறை கேட்டது தை மாதத்தில்.

திங்கட்கிழமை காலை உள்ளே நுழைந்தவர் திகைத்தார். ஆறு தறிகளிலும் ஆறு மொட்டைகள், சந்தனம் மணக்க இருமிக்கொண்டிருந்தன.

"இன்னாடா இது?"

"விசிறி வரணும்னு முருகனுக்கு வேண்டிகினோம், மொதலாளி."

"வேண்டிகினது நடந்தப்புறம்தானடா முடி குடுக்கணும்?"

"முன்னாடியே குடுத்துட்டோங்க. இனிமே அவரு பாடு, உங்க பாடு."

முடியை வாங்கிக்கொண்ட சாமியைக் காக்கவைக்கக் கோதண்டபாணி யார்? வெள்ளிக்கிழமையே மெட்ராஸிலிருந்து விசிறி வந்து சுற்றியது. தூசி போனது, இருமலும் குறைந்தது.

மறுநாள் தெருமுனை சலூனில் சவரத்துக்கு உட்கார்ந்தார். அவர் முகத்தில் பாதியை மழித்துவிட்டு சலூன்காரன் சடகோபன் அக்கறையாக விசாரித்தான்:

"உங்க ஆளுங்க ஆறு பேருக்கும் தலைச் சிரங்கு காஞ்சுதுங்களா? ஞாயித்துக்கிழமை இங்கதான் வரிசையா மொட்டை போட்டுகினாங்க. போவும்போது சந்தனம் வேற கேட்டு வாங்கிப் பூசிகினாங்க."

முதலாளி அப்படியே எழுந்து கொட்டகைக்கு ஓடினார், விசிறியை நிறுத்த.

சுவிட்சை மறைத்து முருகன் படத்தை ஒட்டி, பூ வைத்துக்கொண்டிருந்தான் தணிகாசலம்.

சோப்பு நுரையோடேயே கன்னத்தில் போட்டுக்கொண்டார் கோதண்டபாணி.